பக்கத்தில் உட்கார்ந்தது யார்?

2020 ஜூன் முதல் வாரம். இரண்டு மாதம் வெறிச்சோடிக் கிடந்த பள்ளி திறந்து மூன்றாவது நாள். தொடக்கநிலை 6 தமிழ் வகுப்புக்கு 14 பிள்ளைகள் வந்து வாசலில் நிற்கிறார்கள், ஐந்து வெவ்வேறு வகுப்புகளிலிருந்து. தாய்மொழி நேரத்துக்கு மணி அடித்தால் ஒரு வகுப்பு மூன்றாகப் பிரியும். சீனத்துக்குச் சிலர், மலாய்க்குச் சிலர், தமிழுக்குச் சிலர். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நாள்தோறும் நடக்கும் இந்தச் சின்ன இடப்பெயர்ச்சியை அதுவரை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. அந்த வாரம் அதுதான் பெரிய தலைவலி. ஏனென்றால் பள்ளியைத் திறக்கப் போட்ட திட்டத்தின் அடித்தளமே ‘ஒரு வகுப்பு இன்னொரு வகுப்போடு கலக்கக் கூடாது’ என்பதுதான்.

தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். ஒரே வகுப்பிலிருந்து வரும் நால்வர் ஒரு கொத்து. இன்னொரு வகுப்பின் மூவர் இன்னொரு கொத்து. நடுவில் ஒரு வரிசை காலி. இப்படியே போய், கடைசியில் தன் வகுப்பிலிருந்து தமிழுக்கு வரும் ஒரே ஒரு பெண்பிள்ளை மிஞ்சினாள். அவளை ஜன்னலோரம் தனியாக உட்கார வைத்தேன். “ஆசிரியர், நான் மட்டும் ஏன் இங்க?” என்று கேட்டாள். காற்று நல்லா வரும் என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய்யும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிருமிக் காலத்தில் பள்ளியைத் திறப்பது என்றதும் பலர் மனத்தில் வருவது கிருமிநாசினிப் போத்தலும் வெப்பமானியும்தான். ஆனால் உள்ளே இருந்து பார்த்தவர்களுக்கு அது முழுக்க முழுக்க நேர அட்டவணை வேலை. யார், எந்த நேரத்தில், எந்த வாசல் வழியாக, யார் பக்கத்தில் என்ற கணக்கு. ஒரு பிள்ளைக்குக்கூடத் தொற்று வராமல் பார்த்துக்கொள்வதாக எந்தப் பள்ளியும் வாக்குக் கொடுக்க முடியாது. கொடுக்கக் கூடியது ஒன்றுதான். ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் 1,200 பேரை வீட்டுக்கு அனுப்பாமல் 12 பேரை அனுப்பினால் போதும் என்கிற நிலையை உண்டாக்கி வைப்பது.

இந்த ஊருக்கு இது முதல் அனுபவம் இல்லை. 2003இல் சார்ஸ் என்ற கடும் சுவாச நோய் வந்தபோது மார்ச் 27 முதல் பள்ளிகளை மூடினார்கள். மருத்துவ ரீதியில் அதற்கு அழுத்தமான காரணம் இல்லை, பெற்றோரின் அச்சத்தை மனத்தில் வைத்தே மூடுகிறோம் என்று அப்போதே வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. ஏப்ரலில் படிப்படியாகத் திறந்த பிறகு ஒவ்வொரு மாணவருக்கும் வாயில் வைக்கும் மின்னியல் வெப்பமானி ஒன்று கொடுத்தார்கள். நாளுக்கு இரண்டு முறை வெப்பநிலை பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது. சார்ஸ் போன பிறகும் பள்ளிகள் அவ்வப்போது ஒத்திகைக்காக வெப்பநிலை எடுக்கச் சொல்லும். பையின் அடியில் கிடக்கும் அந்தச் சின்னப் பெட்டியை ‘எதற்கு இது’ என்று சலித்துக்கொண்ட பெற்றோரில் நானும் ஒருவன். 2020 பிப்ரவரியில் தேடி எடுத்துப் பார்த்தால் மின்கலம் தீர்ந்திருந்தது.

சார்ஸுக்கும் கொவிட்டுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. சார்ஸில் காய்ச்சல் வந்து நோய் முற்றிய பிறகுதான் பெரும்பாலும் தொற்றும். அதனால் வெப்பமானி உண்மையிலேயே ஒரு வாயிற்காவலன். கொவிட் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். வாசலில் 36.5 காட்டிவிட்டு உள்ளே போகிற பிள்ளையிடமும் கிருமி இருக்கலாம். பழைய ஆயுதம் பாதிதான் பயன்படும் என்று தெரிந்ததும் மிச்சப் பாதியை அட்டவணையில்தான் தேட வேண்டியிருந்தது.

2020இல் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 23 அன்று முதல் தொற்று உறுதியானது. பிப்ரவரி 7 அன்று நோய்ப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்குப் போனது, உச்சமான சிவப்புக்கு ஒரு படி கீழே. மார்ச் விடுமுறை முடிந்து 23ஆம் தேதி பள்ளிகள் திறந்தன. திறக்கலாமா என்று அப்போது ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. கல்வி அமைச்சராக இருந்த திரு ஓங் யீ காங், பிள்ளைகளுக்குப் பள்ளி பாதுகாப்பான இடம் என்று வாதாடினார். ஏப்ரல் தொடக்கத்தில் வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்து கற்றல் வந்தது. தொடக்கப்பள்ளிக்குப் புதன், உயர்நிலைக்கு வியாழன், தொடக்கக் கல்லூரிக்கு வெள்ளி. ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஊரையே வீட்டுக்குள் இருக்கச் சொன்ன நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டு ஏப்ரல் 8 முதல் முழுநேரமும் வீட்டில். ஜூன் விடுமுறையை மே மாதத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். ஜூன் 2 அன்று மீண்டும் திறப்பு.

இதில் கவனிக்க வேண்டியது அந்த வாரம் ஒரு நாள் ஏற்பாடு. பலரும் அதை அரைகுறை முடிவு என்று சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது ஒத்திகை. எந்த வீட்டில் கணினி இல்லை, எந்த வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி, எந்தப் பிள்ளைக்கு இணையத்தில் பாடம் படிக்கும் மாணவர் கற்றல் தளத்தின் கடவுச்சொல் மறந்துபோனது என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் வெளியே வந்தது. அடுத்த வாரமே முழுமூச்சாக வீட்டிலிருந்து கற்றல் தொடங்கியபோது பள்ளிகள் கணினிகளை இரவல் கொடுக்கத் தொடங்கியிருந்தன. அந்தக் காலகட்டத்தில் சுமார் 20,000 கருவிகள் இப்படிக் கைமாறின. உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கற்றல் கருவி என்று 2028க்கு வைத்திருந்த இலக்கை 2021க்கு முன்னால் இழுத்ததற்கும் இந்த அனுபவம்தான் காரணம். பள்ளியைத் திறக்கும் திட்டத்தில் இது ஏன் வருகிறது என்று கேட்கலாம். எந்த நேரமும் திரும்ப மூட வேண்டி வரும் என்று தெரிந்தால்தான் துணிந்து திறக்க முடியும்.

சரி, ஜூன் 2க்கு வருவோம். எல்லாரையும் ஒரே நாளில் கூப்பிடவில்லை. தொடக்கநிலை 6, உயர்நிலை 4, 5 மாணவர்கள் தினமும் வரலாம். மற்ற நிலையினர் ஒரு வாரம் பள்ளி, ஒரு வாரம் வீடு என்று மாறி மாறி. வயதில் மூத்தவர்களுக்கு இதைக் கேட்டதும் பழைய காலைப் பள்ளி, மதியப் பள்ளி ஞாபகம் வந்திருக்கும். ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு கூட்டம், மதியம் இன்னொரு கூட்டம். 2016 வாக்கில்தான் அரசாங்கத் தொடக்கப்பள்ளிகள் எல்லாம் ஒரே நேரப் பள்ளிகளாயின. பாதிப் பேர் வந்தால் போதும் என்றால் அந்தப் பழைய முறையையே திரும்பக் கொண்டுவந்திருக்கலாமே என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார்.

கேள்வி நியாயமானது. விடை கிருமியின் நடத்தையில் இருக்கிறது. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய அப்போதைய வகைக்குச் சராசரியாக ஐந்து நாள் ஆகும். ஒரு பிள்ளைக்குப் பள்ளி வாரத்தில் தொற்று ஏற்பட்டால் அறிகுறி தலைகாட்டுவது பெரும்பாலும் வீட்டு வாரத்தில். அதாவது, மற்றவர்களுக்குக் கொடுக்கத் தயாராகும் நேரத்தில் பிள்ளை வீட்டில் இருக்கும். காலை, மதியம் என்று பிரித்தால் இந்தப் பலன் கிடைக்காது. கூட்டம் மட்டும் பாதியாகும், தினசரிச் சங்கிலி அறாது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக்கழக அறிவியலாளர்கள் அந்தச் சமயத்தில் முன்வைத்த ‘நான்கு நாள் வேலை, பத்து நாள் வீடு’ என்ற யோசனையின் உள்கணக்கும் இதேதான். போதாக்குறைக்கு, காலைக் கூட்டமும் மதியக் கூட்டமும் மாறும் வேளையில் பள்ளி வாசலில் பெற்றோரும் தாத்தா பாட்டியும் பணிப்பெண்களுமாக ஒரு சந்தை கூடும். அதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது.

யாரை முதலில் கூப்பிடுவது என்பதில் ஒவ்வொரு நாடும் தன் மனத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்று திறந்தபோது சின்னப் பிள்ளைகளை முதலில் அழைத்தது. சிறுசிறு குழுக்களாகப் பிரித்து, முடிந்தவரை வெளியில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நோய் கடுமையாவது அரிது, அவர்கள் பள்ளிக்குப் போனால் பெற்றோரும் வேலைக்குப் போகலாம் என்பது அங்கே கணக்கு. நாம் முதலில் அழைத்தது தேர்வு எழுதுபவர்களை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு ஒரு வீட்டை எப்படி ஆட்டிவைக்கும் என்று தெரிந்தவர்கள் யாரும் வேறு மாதிரி முடிவெடுத்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டுத் தேசியத் தேர்வுகளிலிருந்து கடைசிப் பாடங்கள் சிலவற்றை நீக்கினார்கள். உயர்நிலைப்பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலை (‘ஓ’ நிலை) தேர்வில் தாய்மொழிக்கான எழுத்துத் தேர்வு ஜூன் 18க்குத் தள்ளிப்போனது. பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆனதும் பிள்ளைகள் தமிழ்த் தேர்வு எழுதினார்கள். அவர்களை வீட்டிலேயே வைத்திருந்து நேரே தேர்வுக் கூடத்துக்கு அழைத்திருந்தால் வாய்விட்டுத் தமிழ் பேசி இரண்டு மாதம் ஆகியிருக்கும் பிள்ளைகள் பலர்.

எச்சரிக்கைப் பாடமும் வெளியே இருந்தே வந்தது. இஸ்ரேலில் மே மாதம் பள்ளிகள் முழுதாகத் திறந்தன. வகுப்பில் 30 பேருக்கு மேல் நெருக்கம். வெயில் அலை வந்ததால் சில நாளுக்கு முகக்கவசம் வேண்டாம் என்று சலுகை கொடுத்து, ஜன்னல்களைச் சாத்திக் குளிரூட்டியைப் போட்டார்கள். ஜெருசலேம் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் மட்டும் 150க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று உறுதியானது. நெருக்கம், முகக்கவசம் இல்லாமை, அடைத்த அறை என்று மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவந்த இடம் அது.

இந்த மூன்றாவது விஷயத்தில் நமக்கு வாய்த்தது அதிர்ஷ்டம்தான். நம்முடைய வகுப்பறைகள் பெரும்பாலும் மின்விசிறியும் சாளரங்களும் உள்ளவை. தாழ்வாரம் ஒரு பக்கம், ஜன்னல் மறுபக்கம், நடுவே காற்று ஓடும். ‘குளிரூட்டி இல்லையே’ என்று ஆண்டுக்கணக்காகப் பெற்றோர் முனகிய அதே அறை 2020இல் வரமாகிப்போனது. கணினி அறையும் இசை அறையும்தான் அடைத்துக் கிடந்தவை. காற்றில் கிருமி மிதந்து பரவும் என்று 239 அறிவியலாளர்கள் ஜூலை 2020இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்குப் பகிரங்கமாக எழுதினார்கள். அது பரவலாக ஏற்கப்பட இன்னும் பல மாதம் ஆனது. அதற்குள் நாங்கள் மேசை துடைப்பதில் கெட்டிக்காரர்களாகிவிட்டோம். பாடம் முடிந்ததும் ஒரு துணி, ஒரு தெளிப்பான், பிள்ளைகள் வரிசையாகத் துடைப்பார்கள். நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் துடைக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு மழைச்சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்திவிடுவோமே, அதில்தான் உலக்கை போகும் இடத்தை விட்டு ஊசி போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்த அந்தப் பெண்பிள்ளைக்குக் கிடைத்ததுதான் அறையிலேயே சிறந்த இடம்.

வகுப்பறைக்குள் ஒழுங்கு செய்வது எளிது. தேர்வு நேரம்போல மேசைகளைப் பிரித்துப் போட்டு, ஆளுக்கு ஓர் இடம் என்று எழுதி ஒட்டிவிடலாம். தொடக்கநிலை 1, 2இல் வகுப்புக்கு 30 பேர்தான். மூன்றாம் நிலை முதல் 40 வரை போகும். 40 பேர் அறையில் இரண்டு மீட்டர் இடைவெளி என்பது நடக்காத காரியம். இடைவெளி குறையும் இடத்தில் இடம் மாறாமை கைகொடுக்கும். பக்கத்தில் இருப்பவர் தினமும் ஒரே ஆள் என்றால் கிருமி போகக் கூடிய வழி நாலைந்தோடு நின்றுவிடும்.

திட்டம் ஒழுகுவது வகுப்புக்கு வெளியே. உணவகத்தில் முகக்கவசம் கழன்றே ஆக வேண்டும். அதனால் இடைவேளையை நிலை வாரியாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் ஒன்பது மணிக்கே மீ கோரிங் சாப்பிடும், இன்னொரு கூட்டம் பதினொன்றரை வரை பசியோடு காத்திருக்கும். நீள இருக்கையில் ஒட்டுத்தாள் குறி போட்டு, குறியில்லாத இடத்தில் உட்காரக் கூடாது. உணவுக் கடைக்கார அக்கா ஒருவருக்கு அது வியாபாரமே இல்லாத வியாபாரம். ஒரே நேரத்தில் கூட்டமும் வராது, கடையைச் சாத்தவும் முடியாது, நாள் முழுக்கக் குழம்பைச் சூடாக வைத்துக்கொண்டே நிற்க வேண்டும். பள்ளிப் பேருந்திலோ பல நிலைப் பிள்ளைகள் ஒன்றாக வருவார்கள். அங்கேயும் இடம் குறித்து வைத்ததோடு சரி. விளையாட்டு, இசை போன்ற இணைப்பாட நடவடிக்கைகள் ஜூலை 27 வாக்கில்தான் மெல்லத் திரும்பின. வகுப்புகளைக் கலக்குவதற்கென்றே உருவானவை அவை என்பதால் தாமதமானதில் வியப்பில்லை. உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தைப் போலப் பல பள்ளிப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் கூடும் வகுப்புகளுக்கும் இதே சிக்கல்தான், இன்னும் ஒரு மடங்கு கூடுதலாக. பள்ளிக்குள் வகுப்புகள் கலப்பதையே தடுக்கும்போது பள்ளிகளே கலப்பதை எந்தத் திட்டத்தில் வைப்பது? அவற்றைத் திரைக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஒழுகிய இடங்களில் ஒன்றைப் பற்றி எங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளச் சங்கடம். ஆசிரியர் அறை. கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை மருத்துவர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்று, தொற்று நுழைந்த கல்விக்கூடங்களை ஆராய்ந்தது. பாலர் பள்ளி ஒன்றில் பெரியவர்களுக்குள் பரவியிருந்தது. பரிசோதித்துப் பார்த்த பிள்ளைகளிடம் காணப்படவில்லை. பிள்ளைகளை ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நாங்கள் உள்ளே போய் ஒரே பிஸ்கட் டின்னில் கைவிடுகிறோம், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு மைலோ கலக்குகிறோம். எங்கள் அறையில் பாதி மேசைகளைக் காலி வகுப்பறைக்கு மாற்றியபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. இரண்டாம் வாரம் யாரோ ஒருவர் அந்த டின்னை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கடைசிவரை யார் என்று தெரியவில்லை.

ஜூன் 29 அன்று எல்லா நிலையினரும் தினமும் வரத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முழுக்கத் திட்டம் தாங்கியது. ஆனால் 2021 மே மாதம் கிருமியின் புதிய வகை வந்தது. துணைப்பாட நிலையம் ஒன்றில் உண்டான தொற்றுக் குழுமத்தில் பல பள்ளிப் பிள்ளைகள் சிக்கினார்கள். காலை முழுக்கப் பிரித்துப் பிரித்து வைத்த பிள்ளைகள் மாலையில் நான்கு பள்ளிச் சீருடையோடு ஒரே குளிரூட்டிய அறையில் கணக்குப் போடுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், யாருடைய அட்டவணையிலும் இல்லாத விஷயம். மே 19 முதல் தவணை முடியும் 28 வரை பள்ளிகள் மீண்டும் வீட்டிலிருந்து கற்றலுக்குப் போயின. துணைப்பாட வகுப்புகளையும் இணையத்துக்கு மாற்றினார்கள். ஜூனில் 12 வயதும் அதற்கு மேலும் ஆன மாணவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. 12 வயது ஆகாத தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு டிசம்பர் 27 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் செப்டம்பரில் இன்னொரு அலை. செப்டம்பர் 30 அன்று தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் எழுத்துத் தாள்கள் தொடங்குவதால் ஆறாம் நிலையினருக்கு முன்னதாகவே விடுப்பு. தொடக்கப்பள்ளியின் மற்ற நிலையினர் 27ஆம் தேதி முதல் வீட்டில்.

இந்த இரண்டாம், மூன்றாம் மூடல்களை ‘திட்டம் தோற்றது’ என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 2020 ஏப்ரலில் மூடியபோது எப்போது திறப்போம் என்று யாருக்கும் தெரியாது. 2021 மே மாதம் மூடியபோது 28ஆம் தேதி வரைதான், பிறகு விடுமுறை என்று பிள்ளைக்கே தெரியும். முக்கியச் சேவைகளில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளுக்கும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்களுக்கும் பள்ளிக் கதவு ஒவ்வொரு முறையும் திறந்தே இருந்தது. தாதியாக வேலை பார்க்கும் அம்மாவின் மகன் ஒருவன் கிட்டத்தட்டக் காலியான பள்ளியில் உட்கார்ந்து தன் ஆசிரியரின் பாடத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த ஆசிரியர் இரண்டு மாடி மேலே இருப்பார்.

2021 செப்டம்பர் நடுவில், இரவு ஒன்பது மணி தாண்டியிருக்கும். துணைத் தலைமையாசிரியர் கூப்பிட்டார். ஐந்தாம் நிலைப் பையன் ஒருவனுக்குத் தொற்று உறுதியாகிவிட்டது. “புதன்கிழமை உங்க வகுப்புல இருந்தான்ல? பக்கத்துல உட்கார்ந்தது யாரு?” கட்டம் போட்ட தாள் கைப்பேசியிலேயே படமாக இருந்தது. அவன் கொத்தில் மூன்று பேர். முன்னால் ஒரு வரிசை காலி, பின்னால் சுவர். மூன்று பெயரையும் சொன்னேன். வேறு யாராவது எழுந்து போய்ப் பேசினார்களா என்று கேட்டார். யோசித்தேன். அழிப்பான் இரவல் கேட்டுக் குறுக்கே போன ஒருத்தி நினைவுக்கு வந்தாள். அவள் பெயரையும் சொன்னேன். மறுநாள் காலை அந்த நாலு பேர் வரவில்லை. மற்ற ஒன்பது பேரோடு விட்ட இடத்திலிருந்து இணைமொழிகளைத் தொடர்ந்தோம்.